மது அருந்திய மறுநாள் தசைவலி, கவனிக்காத குத்துக்காயம்: அலட்சியம் எப்போது ஆபத்தாகும்?

புதுதில்லி: மது அருந்திய மறுநாள் கை, கால், முதுகுத் தசைகளில் தோன்றும் வலி பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தானாகவே தணிந்துவிடும். ஆணி, முள், ஊசி, கண்ணாடிச் சில்லு ஆகியவை குத்துவதால் உண்டாகும் சிறு காயமும் பெரும்பாலும் அவ்வாறே ஆறிவிடும். ஆனால் முன்னதை 'நேற்றுக் குடித்ததால் வந்த வலி' என்றும், பின்னதை 'சின்னக் காயம்தானே' என்றும் ஒதுக்கிவிடும்போது, உயிரைக் காக்கக்கூடிய சிகிச்சைக்கான நேரம் சிலருக்கு வீணாகிவிடுகிறது.

இவ்விரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், அவற்றுக்கிடையே நெருங்கிய தொடர்பு உண்டு. போதையில் இருப்பவருக்குக் காயம் பட்டதே தெரியாமல் போகலாம். மது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கிறது. காயத்தின் வழியே நுழையும் சில தொற்றுகளின் முதல் அறிகுறியும் தசைவலியாகவோ தசை இறுக்கமாகவோ இருக்கிறது. எனவே, மது அருந்திய பின் ஏற்படும் தசைவலி எப்போது சாதாரணமானது, எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டியது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

எத்தனை பேரைப் பாதிக்கும் விஷயம்?

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) தேசிய போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-ஆம் ஆண்டு வெளியானது. நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடி பேர், மது அருந்துவதாக அந்த அறிக்கை தெரிவித்தது. இவர்களில் சுமார் 5.7 கோடி பேருக்கு மதுவால் ஏற்பட்ட சிக்கல்களுக்காக உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றதாகக் கூறியுள்ளனர்.

உடல் உழைப்பாளர்கள் பலர் நாள் முழுவதும் வெயிலில் வேலை செய்துவிட்டு மாலையில் மது அருந்துகின்றனர். கட்டுமானப் பணியிடத்தில் ஆணி, வயலில் முள், மீன்பிடி துறைமுகத்தில் மீன் செதில், தூய்மைப் பணியில் கண்ணாடிச் சில்லு எனக் குத்துக்காயம் அவர்களுக்கு அன்றாட நிகழ்வு. எனவே இந்த எச்சரிக்கை அவர்களுக்கு மிகவும் பொருந்தும்.

மறுநாள் வலி ஏற்படுவது ஏன்?

மது அருந்திய பின் தோன்றும் தசைவலிக்குக் காரணம் ஒன்றல்ல. சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்க உதவும் வாசோபிரசின் என்ற ஹார்மோனின் சுரப்பை மது குறைக்கிறது. இதனால் சிறுநீர் அதிகம் வெளியேறி, உடலில் நீர்ச்சத்து குறைகிறது. வாந்தியும் வியர்வையும் சேர்ந்தால் உப்புச் சத்துகளும் இழக்கப்படுகின்றன.

மது கல்லீரலில் சிதையும்போது அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உருவாகிறது. அதே வேளையில், ரத்தத்திலுள்ள லாக்டிக் அமிலத்தை அகற்றும் கல்லீரலின் பணி மந்தமாகிறது. உடலில் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் அதிகரிப்பதால், லேசான காய்ச்சல் வருவது போன்ற உடல்வலியும் சோர்வும் உண்டாகின்றன.

இவற்றைத் தவிர எளிய காரணங்களும் உண்டு. ஆழ்ந்த உறக்கம் இல்லாமை, கோணலாகப் படுத்திருத்தல், நீண்ட நேரம் நடனமாடுதல், நினைவில் இல்லாத ஒரு தடுமாற்றம் அல்லது கீழே விழுதல் ஆகியவை தசையில் வலியை ஏற்படுத்தும். இத்தகைய வலி உடலின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அல்லது எந்தத் தசை அதிகம் உழைத்ததோ அங்கே இருக்கும். நீர் அருந்தி, உணவு உண்டு, ஓய்வெடுத்தால் ஒன்று அல்லது இரண்டு நாள்களில் குறையும். சிறுநீரின் நிறமும் நீர் அருந்திய பின் வெளிர் மஞ்சளுக்குத் திரும்பும்.

மூட்டில் மட்டும், குறிப்பாகக் கால் பெருவிரலின் அடிமூட்டில், திடீரெனக் கடும் வலியும் சிவப்பும் வீக்கமும் தோன்றினால் அது தசைவலி அல்ல. யூரிக் அமிலம் மிகுவதால் வரும் கௌட் எனப்படும் மூட்டு நோயாக இருக்கலாம். மது, குறிப்பாக பீர், இதைத் தூண்டக்கூடியது.

சிறுநீர் கறுத்தால் அபாயம்

அளவுக்கு மீறி மது அருந்திய பின் தசை நார்கள் பெருமளவில் சிதைந்துபோகும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. மருத்துவத்தில் இது ராப்டோமயோலிசிஸ் எனப்படுகிறது. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கலக்கின்றன. மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சேதப்படுத்தும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும்.

இந்நோயைப் பற்றிய தெளிவு உலகப் போர்க் காலத்தில் கிடைத்தது. 1941-ஆம் ஆண்டு லண்டனில் குண்டுவீச்சால் இடிந்த கட்டடங்களுக்குள் சிக்கி மீட்கப்பட்டவர்களில் சிலர், வெளிப்பார்வைக்குத் தேறியது போலிருந்து, சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் பதிவு செய்தனர். நசுங்கிய தசையே அதற்குக் காரணம் என்பது தெரியவந்தது.

போதை மயக்கத்தில் ஒரே பக்கமாக மணிக்கணக்கில் அசைவின்றிக் கிடப்பவருக்கும் இதே நிலை நேரலாம். அவரது உடலின் எடையே அடியிலிருக்கும் கை அல்லது கால் தசையை நசுக்கிவிடுகிறது. வெயிலில் கடும் உழைப்பு, நீரிழப்பு, வலிப்பு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகள் ஆகியவை உடன் சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடுகிறது.

தசை தொட்டாலே தாங்க முடியாத வலி, வீக்கம், எழுந்து நிற்க இயலாத பலவீனம், சிறுநீர் கட்டன் தேநீர் அல்லது கோலா பான நிறத்தில் வெளியேறுதல், சிறுநீரின் அளவு மிகவும் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் நிறமாற்றம் எல்லோருக்கும் தோன்றுவதில்லை. ஆகவே சிறுநீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கடும் வலியையும் வீக்கத்தையும் புறக்கணிக்கக் கூடாது. கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவை ரத்தத்தில் பரிசோதித்து நோயை உறுதி செய்யலாம். உரிய நேரத்தில் நரம்பு வழியாகத் திரவம் செலுத்தினால் பெரும்பாலானோரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட முடியும். தாமதமானால் டயாலிசிஸ் தேவைப்படலாம்.

நாள்பட்ட பழக்கமும் தசை மெலிவும்

பல ஆண்டுகளாக அதிகம் மது அருந்துபவர்களுக்கு வலி இல்லாமலேயே தசை மெலிந்துகொண்டு வரும். தோள், இடுப்பு, தொடைத் தசைகள் முதலில் பாதிக்கப்படும். தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ முடியாமை, படியேறத் தடுமாறுதல் ஆகியவை தொடக்க அடையாளங்கள். அதிக அளவில் நெடுங்காலம் மது அருந்துவோரில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையிலானோரிடம் இத்தகைய தசை பாதிப்பு காணப்படுவதாக மருத்துவ ஆய்வுகள் தெரிவிக்கின்றன. மதுவை முற்றிலும் நிறுத்தினால் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்குள் தசையின் வலிமை பெருமளவு திரும்பக்கூடும் என்பது ஆறுதலான செய்தி.

இவர்களில் பலருக்குப் பாதங்களின் நரம்புகளும் பாதிக்கப்பட்டு உணர்ச்சி மங்கியிருக்கும். ஆணி குத்தியதே தெரியாமல் இரண்டு மூன்று நாள்கள் நடந்துகொண்டிருப்பார்கள். நீரிழிவு நோயாளிகளுக்கும் இதே நிலை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் உள்ளது. நீரிழிவும் மதுப்பழக்கமும் ஒருவரிடமே இருந்தால், தினமும் இரவில் பாதங்களைப் பார்த்துத் தடவிச் சோதிக்கும் வழக்கம் கட்டாயம் தேவை.

குத்துக்காயம் தனி வகை

கத்தியால் கீறிய காயம் பார்வைக்குப் பெரிதாக இருக்கும். ரத்தமும் அதிகம் வழியும். அந்த ரத்தமே அழுக்கின் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடும். குத்துக்காயம் அப்படியல்ல. வாய் சிறியது, ஆழம் அதிகம். ரத்தம் ஓரிரு துளிகளே வரும். மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ளும். உள்ளே சென்ற கிருமிகள் காற்றோட்டமில்லாத ஆழத்தில் அடைபட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு இதைவிடச் சாதகமான சூழல் இல்லை.

சிறு குத்துக்காயம் உயிரைப் பறித்த நிகழ்வு மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகவும் அமைந்தது. 1847-ஆம் ஆண்டு வியன்னாவில் யாக்கோப் கொல்லெட்ச்கா என்ற மருத்துவப் பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி நுனி விரலில் பட்டதால் தொற்று ஏற்பட்டு இறந்தார். அந்த மரணத்தை ஆராய்ந்த அவருடைய நண்பர் இக்னாஸ் செம்மல்வைஸ், மருத்துவர்கள் கைகழுவ வேண்டியதன் அவசியத்தை உணர்ந்தார்.

குத்துக்காயத்தில் பொதுவாகத் தொற்றை உண்டாக்குபவை ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள். ரப்பர் அடியுள்ள காலணியைத் துளைத்துக்கொண்டு ஆணி பாதத்தில் ஏறினால், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா எலும்பு வரை சென்று தொற்றலாம். காயம் ஆறிய பிறகு சில வாரங்கள் கழித்துப் பாதத்தில் மீண்டும் வலி தோன்றுவது இதன் அறிகுறி.

மது என்ன செய்கிறது?

மது அருந்திய உடலில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் காயம்பட்ட இடத்துக்கு வந்துசேர்வது தாமதமாகிறது. அவற்றின் செயல்திறனும் குறைகிறது. புதிய ரத்த நாளங்கள் உருவாவது மந்தமாவதால் காயம் ஆறுவதும் தாமதமாகிறது. ஒரே ஒரு முறை அளவுக்கு மீறி அருந்துவதாலும் இத்தகைய தற்காலிக விளைவுகள் உண்டாகும். நெடுநாள் பழக்கமும் கல்லீரல் பாதிப்பும் உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்காகிறது.

சில கிருமிகள் இத்தகையோரையே கடுமையாகத் தாக்குகின்றன. வெதுவெதுப்பான கடல்நீரிலும் கழிமுக நீரிலும் காணப்படும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா, மீன் முள்ளோ நண்டின் கொடுக்கோ குத்திய காயத்தின் வழியே நுழைந்து, கல்லீரல் நோயாளிகளுக்கு ஓரிரு நாள்களுக்குள் உயிரிழப்பை ஏற்படுத்தக்கூடியது. சேற்றிலும் மண்ணிலும் வாழும் கிருமியால் உண்டாகும் மெலியாய்டோசிஸ் நோய், கர்நாடகம், கேரளம், தமிழகம் உள்ளிட்ட பகுதிகளில் மழைக்காலத்தில் கண்டறியப்படுகிறது. நீரிழிவும் மிகுந்த மதுப்பழக்கமும் அந்நோய்க்கான முக்கியக் காரணிகளாக உள்ளன.

தாடை இறுகினால் தாமதம் கூடாது

காயத்தின் வழியே நுழைந்து தசையைத் தாக்கும் நோய்களில் மிகவும் அறியப்பட்டது டெட்டனஸ் எனும் இரணஜன்னி. இதை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண், புழுதி, கால்நடைச் சாணம் ஆகியவற்றில் நிறைந்துள்ளன. துருவே டெட்டனஸை உண்டாக்கும் என்ற கருத்து சரியல்ல. துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடப்பதும், அது ஆழமாகக் குத்துவதுமே ஆபத்துக்குக் காரணம். பளபளக்கும் புதிய ஆணியிலும் மண் ஒட்டியிருந்தால் அதே ஆபத்து உண்டு.

காயம் பட்ட 3 முதல் 21 நாள்களுக்குள் நோய் வெளிப்படும். பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத் தோன்றும். இந்த இடைவெளிதான் குழப்பத்துக்குக் காரணமாகிறது. நேற்று மது அருந்தியவர் இன்று கழுத்தும் தாடையும் இறுகியிருப்பதை உணர்ந்தால், நேற்றைய மதுவையே நினைப்பார். சென்ற வாரம் காலில் ஏறிய முள் நினைவுக்கு வராது. சில நோயாளிகளிடம் காயம் எங்கே பட்டது என்பதையே கண்டறிய முடிவதில்லை.

வாயை முழுவதும் திறக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம், கழுத்து விறைப்பு, வயிற்றுத் தசை பலகை போல் இறுகுதல், சிறு ஒலிக்கும் வெளிச்சத்துக்கும் உடல் வில்லாய் வளைந்து துடித்தல் எனப் படிப்படியாக நோய் முற்றும். மதுவைத் திடீரென நிறுத்துவதால் வரும் நடுக்கத்திலும் வலிப்பிலும் சுயநினைவு பாதிக்கப்படலாம். டெட்டனஸ் நோயாளியோ பெரும்பாலும் தெளிந்த நினைவுடனேயே எல்லா வேதனையையும் அனுபவிப்பார். சிகிச்சை பெற்றாலும் 10 பேரில் ஒருவர் அல்லது இருவர் உயிரிழக்கக்கூடிய நோய் இது.

இந்தியா 2015-ஆம் ஆண்டு பிரசவகால, பச்சிளங்குழந்தை டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. தேசிய தடுப்பூசித் திட்டத்தின் கீழ்க் குழந்தைகளுக்கு 6, 10, 14-ஆவது வாரங்களிலும், பின்னர் 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதிலும், 10 மற்றும் 16 வயதிலும் தடுப்பூசி செலுத்தப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் செலுத்தப்படுகிறது. ஆனால் 16 வயதைக் கடந்த ஆண்களுக்கு இத்தகைய நினைவூட்டும் வாய்ப்பு கிடையாது. காயம் பட்டால் மட்டுமே அவர்களில் பலர் ஊசியை நினைக்கின்றனர்.

மூன்று தவணைகள் முழுமையாகப் பெற்றவருக்குச் சுத்தமான சிறு காயம் ஏற்பட்டால், கடைசி ஊசி போட்டு 10 ஆண்டுகள் கடந்திருந்தால் மட்டும் மறு ஊசி போதுமானது. மண், சாணம், உமிழ்நீர் பட்ட காயத்துக்கும் ஆழமான குத்துக்காயத்துக்கும் 5 ஆண்டுகள் கடந்திருந்தாலே ஊசி தேவை. எத்தனை தவணை பெற்றோம் என்றே தெரியாதவர்களுக்கு, அசுத்தமான காயம் எனில் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருளும் தேவைப்படும். ஒருமுறை டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் இயற்கையான பாதுகாப்பு உருவாவதில்லை. அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கெண்டைக்கால் வலியும் மழைநீரும்

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டிய மற்றொரு நோய் லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல். எலி உள்ளிட்ட விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் நடக்கும்போது, காலிலுள்ள சிறு கீறல் அல்லது குத்துக்காயம் வழியாகக் கிருமி உடலுக்குள் செல்கிறது. பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சல், கண் சிவத்தல், கெண்டைக்காலைத் தொட்டாலே கடும் வலி ஆகியவை தோன்றும். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏற்படும்.

2018-ஆம் ஆண்டு பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. அப்போது, வெள்ளநீரில் இறங்கியவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் டாக்ஸிசைக்ளின் தடுப்பு மாத்திரை வழங்கப்பட்டது. மும்பையிலும் கனமழைக்குப் பின் தேங்கிய நீரில் நடந்தவர்கள் மருத்துவரை அணுகுமாறு மாநகராட்சி அறிவுறுத்துவது வழக்கம். மது அருந்துபவருக்கு மஞ்சள் காமாலை வந்தால், கல்லீரல் மதுவால் கெட்டுவிட்டது என்று குடும்பத்தினர் முடிவு செய்துவிடக்கூடும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்திருந்தால், மழைநீரில் நடந்த விவரத்தை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

நாய்ப்பல், பிறர் பயன்படுத்திய ஊசி

நாயின் பல் பதிந்து ஒரு துளி ரத்தம் வந்தாலும், அது ரேபிஸ் நோய்க்கான மூன்றாம் வகைக் கடியாகவே கருதப்படும். காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்தப்பட வேண்டும். உலகில் ரேபிஸ் நோயால் ஏற்படும் உயிரிழப்புகளில் 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீள்வது ஏறத்தாழ இயலாத காரியம். நாயின் உமிழ்நீரிலுள்ள கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியாவும் மிகுந்த மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கடும் தொற்றை ஏற்படுத்தலாம்.

பிறர் பயன்படுத்திய ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவ வாய்ப்புண்டு. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அக்கிருமி தொற்றும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்தைக் கடந்தால் பயனில்லை. தொடர்ந்து 28 நாள்கள் அதை உட்கொள்ள வேண்டும்.

காயத்தில் பிராந்தி ஊற்றலாமா?

காயத்தில் மதுவை ஊற்றினால் கிருமிகள் மடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கிருமிகளைக் கொல்ல ஆல்கஹாலின் செறிவு 60 முதல் 90 சதவீதம் வரை இருக்க வேண்டும். இந்தியாவில் விற்பனையாகும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றின் செறிவு 42.8 சதவீதம் என்றே புட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். பீரில் அது பெரும்பாலும் 8 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே மதுவால் கிருமி ஒழிவதில்லை; எரிச்சலும் திசுச் சேதமுமே மிஞ்சும். மருத்துவமனை ஸ்பிரிட்டும் தோலைத் துடைப்பதற்கு உரியது. ஆழமான காயத்துக்குள் ஊற்றுவதற்கு உரியதன்று. சுண்ணாம்பு, காப்பித் தூள், சாணம், மண்ணெண்ணெய் ஆகியவற்றையும் காயத்தில் இடக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. கைகளைக் கழுவிய பின், காயத்தை ஓடும் தூய நீரில் சோப்பு இட்டுப் பல நிமிடங்கள் கழுவ வேண்டும். மேலோட்டமாக ஏறிய முள்ளைச் சுத்தமான இடுக்கியால் எடுக்கலாம். ஆழமாகப் பதிந்த பொருளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுத்தமான துணியால் காயத்தை மூடி, தினமும் மாற்ற வேண்டும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு இருந்தால் அதன் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் தொற்று பரவுகிறது என்று பொருள்.

போதையில் இருந்தவர் தெளிந்ததும், உள்ளங்கால், விரலிடுக்கு, முழங்கை, முதுகு என உடல் முழுவதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. தன்னால் பார்க்க இயலாத இடங்களை வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லலாம். இதற்கு ஐந்து நிமிடங்கள் கூட ஆவதில்லை.

மாத்திரைகளில் கவனம்

தசைவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை மதுவுடனோ வெறும் வயிற்றிலோ உட்கொண்டால் இரைப்பையில் ரத்தக் கசிவு ஏற்படலாம்; நீரிழப்பு உள்ளவரின் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பாராசிட்டமால், வழக்கமாக மிகுதியாகக் குடிப்பவரின் கல்லீரலுக்கு ஆபத்தானது. காயத்துக்காக மெட்ரோனிடசோல் மாத்திரை தரப்பட்டிருந்தால், அதை உட்கொள்ளும் நாள்களிலும் அதன் பிறகு இரண்டு நாள்களும் மதுவைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். மீறினால் முகம் சிவத்தல், படபடப்பு, வாந்தி ஆகியவை உண்டாகலாம். மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு நாள்கள் மட்டும் உட்கொண்டு நிறுத்துவது, தொற்றை மறைக்குமே தவிர ஒழிக்காது. மது அருந்தியதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவதே சரியான சிகிச்சைக்கு வழி.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

* சிறுநீர் தேநீர் அல்லது கோலா நிறத்தில் வெளியேறுதல், அல்லது 12 மணி நேரமாகச் சிறுநீரே வராமை.

* ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் வீங்கி, கல் போல் இறுகி, மரத்துப்போதல்.

* தாடை, கழுத்து, முதுகுத் தசை இறுக்கம்; விழுங்க முடியாமை.

* சிறு காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி. தோல் ஊதா நிறமாதல், கொப்புளம் எழுதல், அழுத்தினால் நறநறவென்று உணர்தல். இவை தசையுறையை அழிக்கும் கடும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

* காய்ச்சல், குளிர் நடுக்கம், மனக்குழப்பம், வேகமான மூச்சு. காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு பரவுதல்.

* மது அருந்திய பின் பார்வை மங்குதல், கடும் வயிற்றுவலி. இது மெத்தனால் கலந்த நச்சுச் சாராயத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

* வலிப்பு, அல்லது எழுப்பினாலும் எழாத மயக்கம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தனியே விட்டுச் செல்லக் கூடாது.

உதவி எங்கே?

அவசர ஆம்புலன்ஸ் சேவைக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம். மதுப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கு 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும், எச்.ஐ.வி. தொடர்பான தகவல்களுக்கு 1097 என்ற எண்ணும் செயல்படுகின்றன. தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களில் வலிப்பும், அதன் பிறகு மனக்குழப்பத்துடன் கூடிய நடுக்கமும் ஏற்படலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மதுவின் அளவு என்று எதுவும் இல்லை என 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு தெரிவித்தது. அதை ஏற்று மதுவைத் தவிர்ப்பவர்கள் இந்த ஆபத்துகளில் பலவற்றிலிருந்து விலகி நிற்கின்றனர். மற்றவர்கள் குறைந்தபட்சம் மறுநாள் காலையில் மூன்றை நினைவில் கொள்ள வேண்டும்: சிறுநீரின் நிறத்தைப் பார்த்தல், உடலில் காயம் உள்ளதா எனத் தேடுதல், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டை நினைவுகூர்தல். இவற்றில் எது சரியில்லை என்றாலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே செல்வது நல்லது.